லாக் புக் யாருக்குச் சொந்தம்?

2012 அக்டோபர் 31. நீலம் புயல் சென்னையை உரசிக்கொண்டு மாமல்லபுரம் பக்கம் கரையேறிய நாள். புயலை நீங்கள் மறந்திருக்கலாம். கப்பலை மறந்திருக்க மாட்டீர்கள். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் பக்கத்தில் வந்து தரைதட்டி நின்றதே, பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல்! அதைப் பார்க்க எத்தனை கூட்டம், எத்தனை செல்போன் போட்டோ!

அந்தக் கப்பலில் 37 பேர் இருந்தார்கள். உயிர் பிழைக்க லைஃப் போட்டில் இறங்கியவர்களின் படகு அலையில் கவிழ்ந்தது. ஆறு பேர் செத்துப்போனார்கள். மற்றவர்களில் பலரைக் காப்பாற்றியது நம்ம ஊர் மீனவர்கள். கப்பலில் சாப்பாடு சரியாக இல்லை, தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை, மாசக்கணக்கில் சம்பளம் பாக்கி என்று தப்பித்தவர்கள் சொன்னார்கள்.

அப்போது டி.வி.யிலும் டீக்கடையிலும் நாம் என்ன கேட்டோம்? புயல் எச்சரிக்கை வந்தும் ஏன் நடுக்கடலுக்குப் போகவில்லை? துறைமுகம் ஏன் தூங்கியது? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒரு கேள்வி நம் வாயில் வரவே இல்லை. முப்பது வயதைத் தாண்டிய அந்தக் கப்பலின் நங்கூரச் சங்கிலியைக் கடைசியாக யார் அளந்து பார்த்தார்கள்? மெயின் இன்ஜினை எப்போது பிரித்தார்கள்? லைஃப் போட்டின் கொக்கியை எப்போது சோதித்தார்கள்? இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? எழுதியிருந்தால் அதைப் பார்க்க நமக்கு உரிமை உண்டா?

கப்பல் என்றால் நமக்கு வ.உ.சி. ஞாபகம் வரும். 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் ஆரம்பித்ததும் கப்பல் வாங்கியதும் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. வாங்கிய கப்பலை ஓட விடாமல் வைத்திருக்க என்ன செலவு ஆனது, எத்தனை முறை பழுது பார்த்தார்கள் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாங்குகிற கதை ருசிக்கும், பராமரிக்கிற கதை ருசிக்காது. அது நம்ம குணம்.

நான் இதை எழுதுவது தருமபுரி மாவட்டம் கடத்தூரில் உட்கார்ந்துகொண்டு. இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் பொம்மிடிக்கோ மொரப்பூருக்கோ போய் ரயில் பிடிக்க வேண்டும். 'கடத்தூர்க்காரனுக்குக் கப்பலைப் பற்றி என்னய்யா பேச்சு?' என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு இதையும் கேளுங்கள். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் போர்வெல் மோட்டார் ரூம் என்று ஒன்று இருக்கும். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத சின்ன அறை. அதன் உள்சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? காயில் கட்டிய தேதி, பேரிங் மாற்றிய தேதி, எத்தனை அடியில் பைப் இறங்கியிருக்கிறது, கேபிள் எத்தனை மீட்டர், எல்லாம் கரியிலோ பெயின்ட்டிலோ எழுதியிருக்கும். எழுத்துப் பிழையோடுதான். நிலத்தை விற்றால் அந்தச் சுவரும் சேர்ந்துதான் விற்கிறது. புதிதாக வாங்கியவர் மோட்டார் நின்றதும் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

பல கோடி டாலர் விலையுள்ள கப்பலுக்கு இந்தச் சுவர் இல்லை. இதைச் சொன்னால் கப்பல்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

கப்பலில் பராமரிப்புக் கணக்கே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஏகப்பட்டது இருக்கிறது. 1998-லிருந்து பயணிகள் கப்பல், எண்ணெய்க் கப்பல், மொத்தச் சரக்குக் கப்பல்களுக்கும், 2002-லிருந்து மற்ற சரக்குக் கப்பல்களுக்கும் ஐ.எஸ்.எம். விதித்தொகுப்பு என்ற சர்வதேச விதி கட்டாயம். அதில் பத்தாவது பிரிவு முழுக்கப் பராமரிப்புதான். எந்த இயந்திரத்தை எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும், யார் பிரித்தார்கள், என்ன கண்டார்கள் என்று பதிந்தாக வேண்டும். இப்போது எல்லாக் கம்பெனியும் இதற்கு கம்ப்யூட்டர் மென்பொருள் வைத்திருக்கிறது. கப்பலில் ஒரு பிரதி, கரையில் ஆபீஸில் ஒரு பிரதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிக்கல் கப்பலை விற்கும்போது ஆரம்பிக்கிறது. ஒரு கப்பல் இருபத்தைந்து முப்பது வருஷம் ஓடும். அதற்குள் மூன்று நான்கு கை மாறுவது சாதாரணம். பழைய கப்பலை வாங்கவும் விற்கவும் உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் ஒப்பந்தப் படிவம் ஒன்று உண்டு. நார்வேக்காரர்கள் போட்டது, 'சேல்ஃபார்ம்' என்பார்கள். அதில் ஒரு வரி இருக்கிறது. லாக் புக்குகளை விற்பவர் வைத்துக்கொள்ளலாம். வாங்குபவருக்கு வேண்டுமானால் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

திரும்ப ஒருமுறை படியுங்கள். கப்பல் வாங்கியவருக்கு. லாக் புக் விற்றவருக்கு. பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டு, போட்ட தடுப்பூசிச் சீட்டை மட்டும் பெற்றவர்கள் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்ட மாதிரி.

படிவத்தில் உள்ளது காகித லாக் புக். கம்ப்யூட்டரில் இருக்கும் பராமரிப்பு விவரத்தின் கதி இன்னும் மோசம். மென்பொருள் பழைய கம்பெனியின் உரிமம். புதிய கம்பெனியின் மென்பொருள் வேறு. இதில் இருப்பதை அதில் ஏற்ற யாராவது உட்கார்ந்து மாதக்கணக்கில் வேலை பார்க்க வேண்டும், செலவாகும். பல சமயம் நடப்பது என்ன? மேனுவலைப் பார்த்துப் புதுப் பட்டியல் போடுகிறார்கள். கப்பல் அன்றுதான் பிறந்தது போல முதல் பக்கத்திலிருந்து ஆரம்பம். பதினைந்து வருஷமாக அந்த ஜெனரேட்டர் எப்போதெல்லாம் மூச்சுத் திணறியது என்ற கதை, அதை அறிந்த பழைய இன்ஜினீயரோடு போயே போய்விடும். அவர் பனாமா கொடிக் கப்பலில் இருக்கிறாரோ, பாளையங்கோட்டையில் ஓய்வில் இருக்கிறாரோ, யார் கண்டது?

எரிகா என்று ஒரு கப்பல். 1975-ல் கட்டியது. 1999 டிசம்பர் 12 அன்று பிரான்ஸின் பிரித்தானி கடற்கரைக்கு அப்பால் இரண்டாக உடைந்தது. சுமார் 20 ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது, பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இந்தக் கப்பலுக்கு அதன் 24 வருஷ ஆயுளில் எட்டுப் பெயர். கொடியும் மாறியது, சான்றிதழ் தரும் நிறுவனமும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் ஞாபகம் உதிர்ந்தது. உள்ளே இரும்புத் தகடு துருப்பிடித்து மெலிந்துகொண்டே வந்தது. 1998-ல் செய்த ரிப்பேர் எந்த லட்சணத்தில் இருந்தது என்பது கப்பல் உடைந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிய வந்தது.

இதில் நமக்கு என்ன? கப்பலில் இருந்த 26 பேரும் இந்தியர்கள். எல்லோரும் உயிர் தப்பினார்கள். கரைக்கு வந்ததும் பிரெஞ்சுப் போலீஸ் கேப்டனைப் பிடித்து உள்ளே தள்ளியது. எட்டுப் பெயர்க் கப்பலின் எட்டாவது பெயரின்போது வந்து ஏறிய மனிதர் அவர். வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2012-ல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது யார் மீது தெரியுமா? கப்பலின் சொந்தக்காரர், அதை நிர்வகித்தவர், 'நல்ல கப்பல்தான்' என்று சான்றிதழ் கொடுத்த ரினா நிறுவனம், வாடகைக்கு எடுத்த டோட்டல் எண்ணெய்க் கம்பெனி. இதை நிரூபிக்கப் பதின்மூன்று வருஷம் பிடித்தது. ஜெயிலில் உட்கார முதலில் ஆள் வேண்டும் என்றபோது கேப்டன்தான் கைக்கு எட்டினார்.

எரிகா பழைய கதை, ஓட்டைக் கப்பல், இப்போது அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். சரி, புதிய கதைக்கு வருவோம்.

2024 மார்ச் 26, அமெரிக்காவின் பால்டிமோர். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் டாலி என்ற சரக்குக் கப்பல் கரன்ட் போய், திரும்ப வந்து, மறுபடி போய், பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் சீட்டுக்கட்டு போலச் சரிந்ததை நீங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். பாலத்தின் மேல் ரோட்டில் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். இந்தக் கப்பல் கிழம் இல்லை. 2015-ல் கொரியாவில் கட்டியது, ஒன்பது வயது. 300 மீட்டர் நீளம். ஊழியர் 21 பேரில் ஏறக்குறைய எல்லோருமே இந்தியர்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் துருவி, 2025 நவம்பரில் காரணம் சொன்னது. ஒரு ஒயர். ஆமாம், ஒரே ஒரு ஒயர். அது எந்த ஒயர் என்று தெரிவதற்காக மாட்டுகிற சின்ன லேபிள், ஒயரின் முனை வரை தள்ளிப் போயிருந்தது. அதனால் ஒயர் தன் இடத்தில் முழுசாக உள்ளே போகாமல் தொட்டும் தொடாமலும் நின்றது. அன்றைக்கு நழுவியது. இரண்டாவது முறை கரன்ட் போனதற்குக் காரணம் வேறு. வேறு வேலைக்காக இருந்த பம்பை ஜெனரேட்டருக்கு எண்ணெய் அனுப்பப் பயன்படுத்தி வந்தார்கள். கரன்ட் போனால் தானாகத் திரும்ப ஓடத் தெரியாத பம்ப் அது. இத்தனைக்கும் முந்தின நாள் துறைமுகத்தில் நிற்கும்போதே கப்பலில் இரண்டு முறை கரன்ட் போயிருந்தது.

ஆயிரக்கணக்கான ஒயர்களில் ஒன்றை எப்படியய்யா கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் ஒரு பம்பை அதற்கு விதிக்கப்படாத வேலைக்கு வைப்பது ஒயர் மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத விஷயம் இல்லை. யாரோ ஒருவர் ஒரு நாள் எடுத்த முடிவு. பிறகு அது வழக்கம் ஆகிவிடுகிறது. அடுத்து வருகிற இன்ஜினீயருக்கு, 'இது இப்படித்தான் ஓடும்' என்ற ஒரு வரி மட்டும் சார்ஜ் கொடுக்கும்போது கிடைக்கிறது. இப்படி ஒரு முடிவு எப்போது, யாரால், ஏன் எடுக்கப்பட்டது என்று கப்பல் பிறந்ததிலிருந்து ஒரே நூலாகப் பின்னிப் பார்க்க முடிந்தால், வெளியாள் ஒருவர் ஒரு மணி நேரத்தில் விரலை வைத்து, 'இது என்ன?' என்று கேட்டுவிடுவார்.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் இன்ஜின் ரூமில் வேலை பார்த்த எந்தப் பையனிடமும் கேட்டுப் பாருங்கள், 'ஓவர்டியூ' என்ற வார்த்தைக்கு முகம் மாறும். செய்ய வேண்டிய தேதி தாண்டிய வேலைகளின் பட்டியல் அது. மாசக் கடைசியில் பட்டியல் சைபராக இருக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்து மெயில் வரும். ஸ்பேர் கேட்டால் அடுத்த துறைமுகம் என்பார்கள், ஆள் கேட்டால் பட்ஜெட் என்பார்கள். பையன் என்ன செய்வான்? ராத்திரி உட்கார்ந்து 'முடிந்தது', 'முடிந்தது', 'நிலைமை திருப்தி' என்று தட்டுவான். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டால் பிழைத்தான். போகும் முன் ஏதாவது வெடித்தால்? அந்த வரியில் இருப்பது அவன் பெயர்.

கடத்தூர்க்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டீர்களே, இதுதான். கடலே பார்க்காத ஊர்களிலிருந்துதான் பிள்ளைகள் நிலத்தை அடமானம் வைத்து மரைன் படிப்புக்குப் போகிறார்கள். உலகக் கப்பல்களில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பொய்க் கணக்கு எழுத வைக்கப்படுகிறவர்களும் அவர்கள்தான், கணக்கே இல்லாத கப்பலில் ஏறுகிறவர்களும் அவர்கள்தான்.

எல்லாவற்றையும் ஆயுள் முழுக்கத் தொடர்வது நடக்காத காரியம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். நடக்கிறதே! ஒவ்வொரு கப்பலுக்கும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் உண்டு. 1996-லிருந்து கட்டாயம். பெயர் மாறினாலும் கொடி மாறினாலும் அந்த எண் மாறாது. 2004 ஜூலையிலிருந்து 'தொடர் சுருக்கப் பதிவேடு' என்று ஒன்று ஒவ்வொரு கப்பலிலும் இருந்தாக வேண்டும். யார் யார் சொந்தக்காரர், எந்தக் கொடி, என்ன பெயர், யார் சான்றிதழ் கொடுத்தது என்று ஆதியோடந்தமாக எழுதி, விற்றாலும் கப்பலோடேயே போக வேண்டும். அமெரிக்காவில் 2001-ல் விமானத் தாக்குதல் நடந்ததும், கப்பலில் தீவிரவாதி வந்துவிடுவானோ என்ற பயத்தில் சட்டென்று போட்ட விதி. பயம் வந்தால் மூன்று வருஷத்தில் முடிகிறது, பாருங்கள்.

எண்ணெய்க் கப்பலுக்கும் மொத்தச் சரக்குக் கப்பலுக்கும் உடல் தகட்டின் கனத்தை அளந்த அறிக்கைகளை ஆயுள் முழுக்கக் கப்பலில் வைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அதை மறைத்து நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அது தகட்டுக்கு. இன்ஜினுக்கும் ஜெனரேட்டருக்கும் ஒயருக்கும் பம்புக்கும்?

அதைவிட வேடிக்கை, கப்பலின் விஷத்துக்குப் பதிவேடு வந்துவிட்டது. 2006-ல் கிளமென்சோ என்ற பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் ஆஸ்பெஸ்டாஸோடு குஜராத்தின் அலங்குக்கு உடைபட வந்து, எதிர்ப்பில் திரும்பிப் போனதே! உள்ளே எத்தனை டன் இருக்கிறது என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். அந்த மாதிரி ரகளைகளுக்குப் பிறகு 2009-ல் ஹாங்காங் உடன்படிக்கை வந்தது. இந்தியா 2019-ல் சேர்ந்தது, சட்டமும் போட்டது. 2025 ஜூன் 26-லிருந்து உடன்படிக்கை உலக அளவில் அமலில் இருக்கிறது. புதிய கப்பலுக்குப் பிறக்கும்போதே அபாயப் பொருள் பட்டியல் போட வேண்டும், மாற்றம் செய்தால் திருத்த வேண்டும், உடைக்கிற கடைசி நாள் வரை அது கப்பலோடு வர வேண்டும். நல்ல சட்டம். அலங்கில் கட்டருடன் நிற்கிற ஒடிசா, பீகார் தொழிலாளிக்குத் தன் முன்னால் இருப்பது என்ன என்று தெரியும். ஆக, கப்பல் செத்த பிறகு அதை அறுக்கிறவனுக்கு முழு ஜாதகம் தரத் தெரிந்திருக்கிறது. உயிரோடு ஓடும்போது உள்ளே வேலை பார்க்கிறவனுக்குத் தர முடியாதா?

வியாபார ரகசியம் என்பார்கள். பம்பின் பேரிங் எப்போது மாறியது என்பதில் என்ன ரகசியம்? விலை குறைந்துவிடும் என்ற பயம்தான் ரகசியம். செலவு என்பார்கள். விமானத்துறையைப் பாருங்கள். ஆயுள் வரம்புள்ள இன்ஜின் பாகத்துக்குப் பிறந்த நாளிலிருந்து காகிதம் இல்லை என்றால், பாகம் பளபளவென்று இருந்தாலும் அதை மாட்ட விட மாட்டார்கள். இரும்பு விலைக்குத்தான் போகும். அங்கே விற்பவரே பயந்து காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார். கப்பலில் காகிதம் இல்லாவிட்டாலும் விலை போகிறது, அதனால் காகிதம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நம்ம அரசாங்கம் எடுத்த வழி வேறு. 2023-ல் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வயது வரம்பு உத்தரவு போட்டது. பழைய கப்பல்களுக்குக் கதவைச் சாத்து என்பது சாரம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3-க்கு வயது 28. அதிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் மணிகள் நம்ம கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. அதைப் பார்த்தால் வயது வரம்பு சரி என்றுதான் தோன்றும். ஆனால் டாலிக்கு வயது ஒன்பது. நன்றாகப் பார்த்துக்கொண்ட கிழக் கப்பலும், சீரழித்த இளம் கப்பலும் உண்டு. எது எது என்று சொல்லக் கணக்கு இல்லாததால்தான் பிறந்த வருஷத்தைப் பார்த்து முத்திரை குத்துகிறோம்.

2025-ல் நாடாளுமன்றம் 1958-ம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் எலும்புதான், சதை விதிகளில் இருக்கிறது. இந்தியக் கொடி கேட்டு வருகிற எந்தப் பழைய கப்பலும் தன் பராமரிப்பு விவரம் முழுவதையும், ஐ.எம்.ஓ. எண்ணின் கீழ், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவில் கொண்டு வர வேண்டும் என்று விதி போடலாம். ஒரு பிரதி இயக்ககத்திடம் இருக்கட்டும். எழுதியதைத் திருத்தினால் திருத்திய தடம் தெரியட்டும். 'ஆபீஸ் முடிக்கச் சொன்னது, வேலை முடியவில்லை' என்று எழுத இன்ஜினீயருக்கு ஒரு கட்டம் வையுங்கள், அதை கம்பெனி அழிக்க முடியாதபடி வையுங்கள். கப்பல் இந்தியக் கொடியை விட்டுப் போகும்போதும் அந்த மூட்டை அதோடு போகட்டும். வெளிநாட்டுக் கொடிக் கப்பலை நாம் கட்டாயப்படுத்த முடியாது, உண்மை. ஆனால் அதில் ஏறுகிற இந்தியரை அனுப்பும் ஏஜென்சிகளுக்கு லைசென்ஸ் கொடுப்பது அதே இயக்ககம்தானே? ஆளைக் கேட்கிற கம்பெனியிடம் கப்பலின் கணக்கைக் கேட்டால் என்ன தப்பு?

தமிழ்நாட்டில் மக்களவை உறுப்பினர்கள் 39 பேர். கடலோரத் தொகுதிக்காரர்கள் மீன்பிடித் துறைமுகம் கேட்பதில் மும்முரமாக இருப்பார்கள், அது அவர்கள் கஷ்டம். இந்தக் கேள்வியைத் தருமபுரி உறுப்பினரே எழுந்து கேட்கலாம். உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ கப்பலுக்குப் போன பையன் இருந்தால், லீவில் வரும்போது அவன் கப்பல் இதுவரை எத்தனை கை மாறியிருக்கிறது, முந்தைய கம்பெனியின் கணக்கைக் கண்ணால் பார்த்திருக்கிறானா என்று கேளுங்கள். அவன் சொல்வதை ஒரு கார்டில் எழுதி உறுப்பினருக்கு அனுப்புங்கள்.